பெரிய கிராணியாரின் பெருங்குடலும் துளையிட்ட டின்னும்

சென்ற மாதம் சிரம்பானில் என் வயிற்றைப் படம் எடுத்தார்கள். கருவிக்குள் படுத்து எழுந்து, சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் படம் திரையில் வந்து நின்றது. நான் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்த காலத்தில் ஒரு படத்தைக் கழுவி உலர்த்தி வெளிச்சத்தில் பிடிப்பதற்குள் ஒரு பிற்பகல் போய்விடும். டாக்டர் கவிதா, எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கச் செயலாளரின் மகள், படத்தின் இடப்பக்கம் கீழே விரலை வைத்தார்.

"இங்க பாருங்க அங்கிள். குடல் தசை தடிச்சுப் போச்சு. ஓரத்துல சின்னச் சின்னக் குமிழ். இந்த மாதிரி நீங்க அந்தக் காலத்துல நிறையப் பாத்திருப்பீங்கல்ல?"

"தோட்டத்துல ஒரு தடவ பாத்திருக்கேன்மா. எமர்ஜென்சி நேரம்."

"ஒரே தடவயா? எங்களுக்குத் தெனமும் வருது லா!"

"ஒரு தடவதான். அதுக்கும் மருந்து டின்ன போலீஸ்காரன் குத்திட்டான்."

சங்க மலருக்கு அதை எழுதித் தரவேண்டும் என்றார். எழுதுகிறேன்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் 1948 ஜூனில் பிறப்பிக்கப்பட்டு 1960 ஜூலையில் நீங்கியது. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. நான் சொல்லப்போவது, உணவுக் கட்டுப்பாடு எங்கள் பக்கம் இறுகிய பிறகு, சுதந்திரத்துக்கு முன்பு நடந்தது. தீபாவளிக்கு மறுவாரம் தொடங்கியது என்பதும் நிச்சயம், ஏனென்றால் நோயாளி முதலில் முறுக்கின்மேல் பழி போட்டார். ஆண்டு 1954 என்பது என் கணக்கு. தோட்டத்து லாரி டிரைவர் மாரிமுத்து 1955 என்று சாகும்வரை சொன்னார். அவர் லாரி மாற்றிய ஆண்டை வைத்துச் சொன்னார், நான் அப்போதைய ஆஸ்பத்திரி டாக்டர் தன் ஊருக்குப் போய்வந்த நீண்ட விடுப்பை வைத்துச் சொல்கிறேன். விடுப்பைவிட லாரி நம்பகமானது என்று அவர் வாதம். முடிவாகவில்லை.

நான் பிறந்தது ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைச் சீவி ரப்பர்ப் பால் எடுத்தார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, பிறகு சிரம்பானில் ஆங்கிலப் பள்ளி, ஜப்பான்காரன் வந்ததும் அதுவும் இல்லை. போர் முடிந்து, சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் பொதுவான ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை பழகச் சேர்ந்தேன். புண் கட்டவும், ஊசி போடவும், மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கவும் கற்றேன். எக்ஸ்ரே இயந்திரம் வந்தபோது அதன் கையேட்டைக் கடைசிப் பக்கம்வரை படித்தவன் நான்தான் என்பதால் அது என் பொறுப்புக்கு வந்தது. பயிற்சி இவ்வளவுதான்.

இயந்திரத்துக்கு மின்சாரம் தோட்டத்து ரப்பர் ஆலையிலிருந்து வந்தது. காலையில் அங்கே உருளைகள் ஓடி ஷீட் பிழியும். அந்த நேரத்தில் மின்சாரம் இறங்கிவிடும், இங்கே படம் எடுத்தால் நெஞ்செலும்பு மேகம்போல் வரும். ஆகவே முறிந்த காலானாலும் இருமுகிற நெஞ்சானாலும் உருளை நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். நோய்க்கு முன்னால் ரப்பர் என்று யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. கம்பி அப்படி இழுக்கப்பட்டிருந்தது.

எங்கள் டாக்டர் ஆர்மிடேஜ் துரை. நெடிய மனிதர், முழங்காலுக்குக் கீழ் எப்போதும் கொசுக்கடித் தழும்பு. இரும்புத் தகடு அடித்த காரில் தோட்டம் தோட்டமாக வருவார். உள்ளே நுழைந்ததும் இடுப்புத் துப்பாக்கியைக் கழற்றி, கத்தரியும் இடுக்கியும் கிடக்கும் வளைந்த எனாமல் தட்டில் வைத்துவிட்டுக் கை கழுவுவார். ஒரு புதிய நர்ஸ் அதையும் சேர்த்துக் கொதிநீரில் போடப் போனது உண்டு.

நோயாளியிடம் தமிழில்தான் பேசவேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் தமிழ் கற்றது துரைமார்களுக்காக எழுதப்பட்ட ஒரு பாடப் புத்தகத்தில். அதில் எல்லாம் கட்டளைதான். வா, போ, கூட்டு, தூக்கு, ஏன் நேற்று வேலைக்கு வரவில்லை. மரியாதைப் பன்மை அந்தப் புத்தகத்தில் இருந்ததா, அவர் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டாரா என்று தெரியாது. எல்லோரும் அவருக்கு 'நீ'தான். எக்ஸ்ரே அறைக்கு அந்தத் தமிழ் மிகப் பொருத்தமாக இருந்தது. "படு. திரும்பு. மூச்சுப் பிடி. விடு." இதற்குமேல் அங்கே சொல்ல ஒன்றுமில்லை. ஆறுதல் சொல்லத்தான் அவரிடம் வாக்கியம் இல்லை. அந்தப் புத்தகத்தில் அதற்கு மிக அருகில் வந்தது துரை வீட்டு நாயைப் பற்றிய பாடம். வேலைக்காரன் படியேறத் தயங்கும்போது துரை சொல்ல வேண்டியது: "பயப்படாதே, அது கடிக்காது." டாக்டர் இந்த வாக்கியத்தை முழுதாக மனப்பாடம் செய்திருந்தார், பிரித்துச் சொல்லத் தெரியாது. குழந்தைக்கு ஊசி போடும்போதும், பிரசவ அறையிலும் அதையே சொல்வார். நாளடைவில் ஜனங்கள் பழகிவிட்டார்கள்.

நோயாளி, எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியார் அம்பலவாணர். கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. பெரிய கிராணி என்றால் தோட்ட மேனேஜர் துரைக்கு அடுத்த ஆள். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைக் கடந்தவர், வெள்ளைக் கோட்டும் டையும் இல்லாமல் வாசலுக்கு வரமாட்டார். ஷீட் தரம் பிரிப்பதில் அவர் கண்ணுக்குக் கொழும்பிலும் லண்டனிலும் மேல்முறையீடு இல்லை என்பார்கள். ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார், குமிழ் இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பார், தரத்துக்கு ஓர் எண் சொல்வார், ஒன்றுதான் உயர்ந்தது. அவ்வளவுதான்.

காலைப் பசியாறலுக்கு அவருக்கு வெள்ளை ரொட்டி வேண்டும். அவர் அதைப் பாண் என்பார். சிரம்பான் ரொட்டிக் கடையிலிருந்து தபாலோடு வரும் பாண், டின் வெண்ணெய், ஆரஞ்சு ஜாம். மத்தியானம் தீட்டித் தீட்டி வெளுத்த அரிசி. கீரை, மரவள்ளி, கேழ்வரகு இவையெல்லாம் தொழிலாளர் லயத்துச் சாப்பாடு, அதாவது எங்கள் சாப்பாடு. அவர் வீட்டில் நுழையாது.

அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை. இடப்பக்க அடிவயிற்றில் வலி, பல வருடமாக வந்து வந்து போவது, இந்த முறை போகவில்லை.

"படு," என்றார் டாக்டர்.

அம்பலவாணர் ஆங்கிலத்தில், தான் நின்றபடியே விளக்க விரும்புவதாகச் சொன்னார்.

"நீ படு. கால் மடக்கு."

கிராணியார் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். டையைத் தளர்த்தாமலே படுத்தார். டாக்டர் வெகுநேரம் அந்த வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் ஒரு தாம்புக்கயிறு கிடப்பதுபோல் இருந்தது, உருட்டினால் உருண்டது.

"வெளிக்கு எப்படிப் போகிறது?"

இந்தக் கேள்விக்கு அம்பலவாணர் ஆங்கிலத்தைக் கைவிட்டார். "ஆட்டுப் புழுக்கை மாதிரி, தம்பி," என்று என்னிடம் மெல்லச் சொன்னார். டாக்டருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. புத்தகத்தில் கால்நடைப் பாடமும் இருந்திருக்க வேண்டும்.

கை கழுவிக்கொண்டே டாக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். இந்த இடத்தில் இப்படிக் குடல் இறுகுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, குடல் சுவரில் சிறு குமிழ்கள் பிதுங்கி, தசை தடித்துச் சுருங்குகிற ஒரு நோய். தன் ஊரில் வயதானவர்களில் பலருக்கு இருக்கிறது. இங்கே இத்தனை வருடத்தில் ஆசியாக்காரர் ஒருவரிடமும் தான் பார்த்ததில்லை. மற்றது புற்று. ஆசியாக்காரருக்கு இது வந்தால், அது பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

மறைப்புத் துணிக்குப் பின்னால் அம்பலவாணர் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ஆங்கிலம் எங்கள் இருவருடையதையும்விடச் சுத்தமானது என்பதை டாக்டர் கணக்கில் எடுக்கவில்லை.

அவர் வெளியே வந்தார். "டொக்டர், நான் பள்ளிக்கூடம் போன நாளிலையிருந்து பாண்தான் சாப்பிடுறன்," என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"பட்டர் பூசித்தான் சாப்பிடுறது. கீரை தொடுறேல்லை. மரவள்ளி இந்த வாயிலை பட்டதேயில்லை. வேணுமெண்டால் என்ரை மனுசியைக் கேளுங்கோ." சற்று நிறுத்தி, "எனக்கு வந்தது முதலாவதாத்தான் இருக்கோணும்," என்றார்.

வேலைக்கு மனுப்போட வந்தவர் சான்றிதழ்களை எடுத்து வைப்பதுபோல் இருந்தது. சிரிக்கவேண்டிய காட்சிதான். ஆனால் அவர் கோட்டுப் பொத்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டிருந்தார். வெள்ளைக்காரன் வியாதி என்றால் உயிர், நம்மவர் வியாதி என்றால் புற்று. இரண்டில் எது என்று தெரியவேண்டும். அதற்குப் பேரியம் வேண்டும்.

பேரியம் என்பது வெள்ளைத் தூள். நீரில் கலக்கிக் குடலுக்குள் கீழிருந்து செலுத்தினால், எக்ஸ்ரேயில் குடலின் உள்வடிவம் தெரியும். எங்களிடம் தீர்ந்திருந்தது. சிரம்பானில் மருந்துக்கடையில் கடைசியாக ஒரு டின் இருந்தது. அடுத்த சரக்கு சிங்கப்பூரிலிருந்து எப்போது வரும் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. மாரிமுத்துவின் லாரியில் போய் வாங்கிவந்தேன்.

அந்தக் காலத்துச் சட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு உணவு போகக்கூடாது என்பதற்காக, டின்னில் அடைத்த எதை விற்றாலும் கடைக்காரர் அங்கேயே அதில் துளை போட்டுத் தரவேண்டும். துளை விழுந்த சார்டின் நாளைக்குக் கெட்டுவிடும். ஒளித்துவைத்துக் காட்டுக்கு அனுப்ப முடியாது. துளையில்லாத டின்னோடு தோட்டத்துக் கேட்டில் பிடிபட்டால் வழக்கு. மருந்துக்கடைக்காரர் துளை போடவில்லை. அவர் விற்றது உணவு இல்லையே.

கேட்டில் அன்று காவலுக்கு நின்றவர் ஸ்பெஷல் போலீஸ் காசிம். அவருக்கு முன்னால் அந்தக் கேட்டில் இருந்தவர் துளையில்லாத இரண்டு பால் டின்னை விட்டுவிட்டு வேலை இழந்திருந்தார். காசிமுக்குத் தமிழ் நன்றாக வரும்.

டின்னைக் குலுக்கிப் பார்த்தார். "இது தெப்போங் லா," என்றார். தெப்போங் என்றால் மலாயில் மாவு.

"மாவு இல்ல காசிம், மருந்து. ஆஸ்பத்திரிக்கு."

"மருந்துன்னா கொஞ்சம் சாப்பிட்டுக் காட்டு."

"சாப்பிடுற மருந்து இல்ல."

"பின்ன?"

மாரிமுத்து லாரியிலிருந்து தலையை நீட்டினார். "பின்னதான்டா! பின்னாலதான் விடுறது! காட்டுக்காரனுக்கு அனுப்பினா அவனே திருப்பி அனுப்பிடுவான்!"

காசிம் சிரித்து முடித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "டின் டின்தான், அண்ணே. என் சோறு போயிடும்," என்று துப்பாக்கி முனைக் கத்தியால் மூடியில் மூன்று குத்துக் குத்தினார். கோபத்தோடு செய்யவில்லை, திருப்பித் தரும்போது இரண்டு கையாலும் தந்தார்.

கேட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. லாரியின் பின்தட்டில் என்னோடு வந்த ஏணியும் உர மூட்டையும் சரிந்து, டின் என் கையிலிருந்து உருண்டு, அங்கே தேங்கிய நீரில் முகம் குப்புற விழுந்தது. எடுத்தபோது பாதி நீரோடு கலந்து சடக்கில் வெள்ளைக் கோடாக ஓடியிருந்தது. தார்ச்சாலையை நாங்கள் சடக்கு என்போம். மிஞ்சிய பாதி கட்டி தட்டியிருந்தது. ஆஸ்பத்திரிச் சமையல்காரரின் சல்லடையை வாங்கி, காயவைத்து, உடைத்துச் சலித்தேன். அன்று முதல் அவர் அந்தச் சல்லடையைத் தொடவில்லை.

"இது போதாது," என்று டாக்டர் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார். அடுத்த டின்னுக்குக் காத்திருக்கலாமா? புற்று என்றால் அது காத்திருக்காது. "தண்ணீராகக் கலக்கு. பார்ப்போம்."

முந்தின மாலை விளக்கெண்ணெய், காலையில் பட்டினி, இரண்டு முறை குடல் கழுவல். உருளைகள் நின்றதும் தொடங்கினோம். திரையில் தெரியும் ஒளி மிக மங்கலானது. டாக்டரின் கண் இருட்டுக்குப் பழகவேண்டும் என்பதால் முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வார். அதை மாட்டியபடியே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார். தட்டில் இருந்தது கறியா தக்காளியா என்று தெரியாமல் சாப்பிடுவதாக என்னிடம் குறைப்பட்டார்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. அம்பலவாணர் மேசையில் ஆஸ்பத்திரி அங்கியில் கிடந்தார். கோட்டு இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுவே முதல் முறை. ஆள் பாதியாகத் தெரிந்தார். நான் பேரியம் வாளியைக் கொக்கியில் மாட்டி, குழாயின் பிடியைத் தளர்த்தினேன்.

"இடது பக்கம் திரும்பு. மூச்சுப் பிடி."

பச்சை ஒளியில் வெண்ணிழல் மேலேறியது. மலக்குடலை நிரப்பியது, வளைவுக்கு வந்தது, நின்றது. பிறகு ஒரு நூலாக உள்ளே இறங்கியது. நூலின் இரு கரையும் ரம்பப் பல்லாக இருந்தன. கலவை நீர்த்திருந்ததால் ஓரங்கள் கலங்கித் தெரிந்தன. குமிழ் ஒன்றுகூடத் தென்படவில்லை. டாக்டர் தன் கையுறைக் கையால் வயிற்றை அழுத்தி, திருப்பி, மீண்டும் அழுத்தினார். பிறகு ஆங்கிலத்தில், வளர்ச்சியாகத்தான், அதாவது புற்றாகத்தான், இருக்கவேண்டும் என்றார்.

இருட்டில் மேசையிலிருந்து குரல் வந்தது. "அது பாண், டொக்டர்."

"பேசாதே. மூச்சுப் பிடி."

அம்பலவாணர் மூச்சைப் பிடித்தார். நான் படம் எடுத்தேன்.

சிரம்பானில் அறுவை செய்யும் டாக்டருக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அடுத்த வாரம் வெட்டுவதாக ஏற்பாடு. கிராணியாருக்கு விஷயத்தை டாக்டர் மறைக்கவில்லை. குடல் துண்டை எடுத்துவிட்டு மலம் வெளியேற வயிற்றில் ஒரு வழி திறப்பார்கள், அதில் பை மாட்டவேண்டும். புற்று இல்லையென்றால் சில மாதத்தில் அதை மூடிவிடலாம். புற்று என்றால் அந்தப் பை இருக்கும், அவர் இருக்கும்வரை.

"பையோடை நான் ஒப்பிசிலை இருக்க மாட்டன்," என்றார் அம்பலவாணர். "அதைவிட வெட்டாமல் விடுங்கோ."

மறுநாளும் அதையே சொன்னார். அவர் மனைவி இரண்டு நாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று போனார். அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "டொக்டருக்கு நிச்சயமோ, தம்பி?"

புறப்பட வேண்டிய நாளுக்கு முன்பு அம்பலவாணருக்கு வயிறு ஊதியது. அடைப்பு விழுந்துவிட்டதா என்று பார்க்க டாக்டர் சாதாரணப் படம் ஒன்று கேட்டார். பேரியம் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் வயிறு. எடுத்தேன், கழுவினேன், ஈரத்தோடு விளக்குப் பெட்டியில் மாட்டினேன். டாக்டர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பவும் பார்த்தார்.

இடப்பக்க அடிவயிற்றில் வெள்ளை மணிகள். சுத்தமாக, வட்டமாக, குன்றிமணி அளவில், அறுந்த மாலைபோல் வரிசையாக. நாங்கள் செலுத்திய பேரியம் குடலைவிட்டு எப்போதோ போய்விட்டது. ஆனால் குடல் சுவரில் பிதுங்கியிருந்த குமிழ்களுக்குள் போனது மட்டும் வெளியேற வழியில்லாமல் தங்கியிருந்தது. அன்று கலங்கலில் மறைந்திருந்தவை இப்போது பின்னால் ஒன்றும் இல்லாததால் பளிச்சென்று தெரிந்தன. பாதி டின் போதுமானதாக இருந்திருக்கிறது.

டாக்டர் நேராகக் கட்டிலுக்குப் போனார். தமிழில் சொன்னார்: "கிராணி. உனக்கு வெள்ளைக்காரன் வயிறு."

அம்பலவாணர் எழுந்து உட்காரப் பார்த்தார். அத்தனை வருடத்தில் அந்த 'உனக்கு' அவரைச் சுடாதது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"நான் அப்பவே சொன்னனான்," என்றார்.

டாக்டர் நேர்மையான மனிதர், அத்தோடு விடவில்லை. இனி சொல்லவேண்டியதற்குப் பாடப் புத்தகத் தமிழ் போதாது என்பதால் கொள்கையை ஒருமுறை தளர்த்தி, கட்டிலருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆங்கிலத்தில் விளக்கினார். குமிழ்கள் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் குமிழ் இருக்கும் குடலில் புற்றும் இருக்கலாம். குடல் நூலாக இறுகியிருப்பது தசையாலா, தசைக்குள் ஒளிந்த வளர்ச்சியாலா என்பதைப் படம் சொல்லாது. வயிறு ஊதுகிறது, அடைப்பு வரப்போகிறது. வெட்டித்தான் பார்க்கவேண்டும்.

அம்பலவாணர் என் பக்கம் திரும்பினார். "இந்த வியாதிக்கு வெள்ளைக்காரரும் பை போடுறவையோ?" என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

கேட்டேன். தன் சொந்தச் சித்தப்பாவே போட்டிருந்ததாக டாக்டர் சொன்னார்.

"அப்ப சரி."

டாக்டரின் இரும்புக் காரில் சிரம்பானுக்குப் போனோம். உள்ளே இட்லிப் பானைபோல் வெந்தது. கேட்டில் காசிம் குனிந்து பார்த்து, கிராணியாருக்குச் சல்யூட் அடித்தார். என் பக்கம் வந்து மெல்லக் கேட்டார்: "அண்ணே, அந்தத் தெப்போங் வேல செஞ்சுதா?"

"பாதி செஞ்சது."

"பாதியத்தான் நான் விட்டேன்," என்றார்.

அறுவை அறை வாசலில் தள்ளுகட்டில் நின்றபோது டாக்டர் அருகில் வந்தார். அம்பலவாணரின் தோளில் கையை வைத்தார். "பயப்படாதே, அது கடிக்காது," என்றார்.

"ஓம், டொக்டர்," என்றார் அம்பலவாணர்.

பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி, நான் எழும்பினவுடனே எல்லாரும் நல்ல நல்ல வார்த்தை சொல்லுவினம். எனக்கு அது வேண்டாம். நீர் உள்ளை நிண்டு பாரும். ஒரு சொல்லுச் சொன்னால் போதும். பாணோ, இல்லையோ. விளங்குதோ?"

"சரிங்க ஐயா."

படங்களைக் கொண்டுவந்தவன் என்ற உரிமையில் முகமூடி கட்டி உள்ளே நின்றேன். அறுவை டாக்டர் அதிகம் பேசாதவர். துண்டை எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டார். ஒரு சாண் நீளம் இருக்கும்; ஆனால் இயல்பில் அது இன்னும் நீண்டிருக்கவேண்டிய குடல், சுருங்கிச் சாணாகியிருந்தது. வெளிப்புறத்தில் நீளவாக்கில் மூன்று தசைப் பட்டைகள் எல்லோருக்கும் உண்டு. இவருடையவை விரலால் தட்டினால் குருத்தெலும்பு போலிருந்தன. அவை மூன்றும் இழுத்துச் சுருக்கியதில் நடுவிலிருந்த குடல் ஆர்மோனியத்தின் துருத்தி மடிவதுபோல் மடிமடியாக நின்றது. பட்டைகளுக்கு இடையில், இரத்தக் குழாய்கள் சுவருக்குள் நுழையும் இடம் பார்த்துக் குமிழ்கள் பிதுங்கியிருந்தன.

கத்தரியால் நீளவாக்கில் பிளந்தார். சுற்றுத் தசை இரட்டைக்கு மேல் தடித்திருந்தது. வெட்டு முகத்தில் வெளிறிய, இறுகிய வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. நடுவில் பென்சில்கூட இலகுவில் போகாத வழி. உள்தோல் அந்த வளையங்களுக்கிடையில் கசங்கி அடைந்திருந்தது. அறுவை டாக்டர் விரலால் ஒவ்வொரு மடிப்பாக விரித்துப் பார்த்தார். ஆர்மிடேஜ் துரை அவர் தோளுக்குமேல் குனிந்தார். ஒரு மடிப்பு, அடுத்த மடிப்பு, அடுத்தது. உள்தோல் கடைசிவரை முழுசாக, வழுவழுப்பாக இருந்தது. புண் இல்லை, கட்டி இல்லை, சீழ்கூட இல்லை.

"தசை," என்றார் அறுவை டாக்டர். "வெறும் தசை." ஏமாற்றம்போல் ஒலித்தது.

அன்று அவர்கள் இருவரும், நாட்பட்ட அழற்சியால் தசை இப்படி ஆகியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அழற்சிதான் எங்கேயும் காணவில்லை. அழற்சி இல்லாமலே தசை முதலில் மாறிவிடுகிறது என்பதையும், அந்தப் பட்டைகள் சுருங்குவதற்கு அவற்றில் படியும் ஒரு மீள்நார்ப் பொருள் காரணம் என்பதையும் நான் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். மீள்நார் என்றால் ரப்பர்போல் இழுபடுவது. அம்பலவாணருக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.

மாலையில் அவர் கண்ணைத் திறந்தார். உதடு காய்ந்திருந்தது. அறுவை டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ நல்ல வார்த்தை சொல்லத் தொடங்கினார். அம்பலவாணர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத் தேடினார்.

"பாண், ஐயா," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்திலிருந்து நீர் காதுப் பக்கம் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை. அவர் மனைவி துடைத்துவிட்டார்.

இருக்க மாட்டேன் என்ற ஒப்பிசிலேயே பையோடு சில மாதம் இருந்தார். கோட்டைச் சற்றுத் தளர்வாகத் தைத்துக்கொண்டார். கேட்க யாருக்கும் தைரியமில்லை, மாரிமுத்துவுக்கே இல்லை. பிறகு வழியை மூடினார்கள். மூடிய பிறகு அந்தத் துண்டைப் பார்க்கவேண்டும் என்றார். மருந்தில் ஊறிய ஜாடியைக் கொண்டுவந்து தந்தேன். ஜன்னலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"குமிழ் இருக்கு," என்றார். "ஊத்தை இல்லை." இன்னும் சற்றுப் பார்த்தார். "நம்பர் மூண்டு."

அதற்கு மேல்முறையீடு இல்லை.

அந்தக் காலத்து மருத்துவப்படி, குடலுக்கு வேலை வைக்காத உணவுதான் இதற்குப் பத்தியம். கீரை கூடாது, தோல் கூடாது, தவிடு கூடாது. வெள்ளை ரொட்டி சாப்பிடலாம். ஆர்மிடேஜ் துரை இதைச் சொன்னபோது அம்பலவாணர் தலையாட்டிய வேகத்தை நான் வேறெந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை. சுதந்திரத்துக்குப் பின் டாக்டர் ஊருக்குப் போய்விட்டார். கிராணியார் ஓய்வுபெற்று சிரம்பான் பக்கம் ரஹாங்கில் வீடு வாங்கினார். எழுபதுகளில் மருத்துவம் தலைகீழாகத் திரும்பியது. நார் இல்லாததுதான் நோய்க்கே காரணம், கீரையும் தவிடும் சாப்பிடவேண்டும் என்றார்கள். நான் பஸ் ஏறிப் போய் அவரிடம் சொன்னேன்.

பொறுமையாகக் கேட்டார். "அப்ப பாணாலை வந்ததுக்குப் பாணையே மருந்தாத் தந்திருக்கினம்."

"ஆமாங்க ஐயா."

"இருபது வருசமா ஒண்டும் செய்யேல்லையே," என்று வயிற்றைத் தட்டினார். "தவிடு மாட்டுக்கு, தம்பி. இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்." தேநீரோடு பாண் வந்தது. சாப்பிட்டேன். எண்பதைத் தாண்டி, தூக்கத்தில் போனார். வயிறு காரணமில்லை.

டாக்டர் கவிதாவின் அறையில் இதெல்லாம் மனதில் ஓடியது. என் அப்பா அம்மா மரவள்ளியும் கீரையும் சாப்பிட்டார்கள். நான் சிரம்பானுக்குக் குடிவந்த நாள் முதல் காலையில் ரொட்டிதான்.

"டாக்டர், இது வெள்ளைக்காரங்க வியாதின்னு சொல்வாங்க," என்றேன்.

"அதெல்லாம் அப்ப, அங்கிள். இப்ப எல்லாருக்கும் வருது லா."

அம்பலவாணர் இல்லாதது நல்லது. இதைக் கேட்டால் மனம் நொந்திருப்பார்.

நான் எழுந்தபோது டாக்டர் கவிதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "கீரை சாப்பிடுங்க, நெறைய தண்ணி குடிங்க. பயப்படாதீங்க அங்கிள்."

"அது கடிக்காது," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை.